பதினோராவது ஜோடி

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் மிஷன் பள்ளிக்கூடத்துக்குச் சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே பதினோரு ஜோடி பூட்ஸ். அனுப்பிய புண்ணியவான்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளின் காலை நினைத்துக்கொண்டு வாங்கியிருக்க வேண்டும். எல்லாம் முனை குறுகி ஒல்லியாக இருந்தன. பள்ளியில் பந்து உதைக்கிற வயதுப் பையன்கள் அறுபது பேருக்குக் குறையாது. பெரும்பாலும் பிறந்ததிலிருந்து வெறுங்காலில் கல்லும் முள்ளும் மிதித்து விரல் விரிந்தவர்கள்.

பெங்களூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் அணி சனிக்கிழமை கால்பந்து ஆட வருவதாக எழுதியிருந்தது. வெறுங்காலோடு ஆடுகிறவர்களோடு ஆடமாட்டோம், போன வருஷம் ஒரு பையனின் விரலை மிதித்து ஒடித்த பாவமே போதும் என்றும் அதில் இருந்தது. ஆகவே டிரில் மாஸ்டர் கொர்னேலியஸ் பையன்களை பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, பூட்ஸை மாட்டச் சொன்னார். கால் நுழைந்தவன் அணியில், நுழையாதவன் வீட்டுக்கு. நாலடி ஓடினால் இளைக்கிற சிரிலுக்கு இடம் கிடைத்தது. அவன் அப்பா ஆபீஸ் குமாஸ்தா. பிள்ளை செருப்பிலேயே வளர்ந்தவன். உலகத்தில் இதைவிடப் பெரிய அநியாயங்கள் உண்டுதான். பதினைந்து வயதுப் பையனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்பராஜுக்குப் பதினைந்து. பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் பிறகு அது அவன் சொன்னபடிதான் கேட்கும். இதை கொர்னேலியஸே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பா நெஞ்சில் தூசி அடைத்து இறந்து ஒரு வருஷம். அம்மா பாக்கியவதி சுரங்கத்தின் மேலே கல் பொறுக்கும் வேலையில் தனியாக மூன்று வயிற்றைக் காப்பாற்றி அலுத்துப் போயிருந்தாள். திங்கட்கிழமை முதல் பையனைச் சுரங்கக் குழியான ஷாஃப்டுக்குள் இறக்குவதாக மேஸ்திரியிடம் பேசி முடித்தாயிற்று. ஆக அவனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அந்த ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் பிறகு எந்தப் பாதாளத்தில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று அவன் நினைத்தான்.

பத்து ஜோடிக்கும் கால் கிடைத்துவிட்டது. பதினோராவது ஜோடி யாருக்கும் சேரவில்லை. இன்பராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திணித்து, எழுந்து நின்று, சரியாக இருக்கிறது சார் என்றான். கொர்னேலியஸ் அவன் முகத்தைப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே பெயரை எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் பழகியதில் சுண்டுவிரல்களில் தோல் உரிந்து ரத்தம் கட்டியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் கூரைவீட்டுக்குள் நுழைந்த நடையைப் பார்த்ததும் பாக்கியவதிக்கு விளங்கிவிட்டது.

"இன்னாடா நொண்டுற? கால காட்டு."

பார்த்தவள் நேரே பக்கத்து வீட்டு கங்கம்மாவிடம் போனாள். அவர்கள் பிறந்த ஆற்காட்டுப் பக்கம் புதுச்செருப்பு கடித்தால் செய்கிற வைத்தியம் இருவருக்கும் தெரிந்ததே: கொள்ளுப் பயறைத் துணியில் முடிந்து, நனைத்து, செருப்புக்குள் திணித்துவைத்தால், அது ஊதுகிற ஊதலில் தோல் தானாக விட்டுக்கொடுக்கும். நாலு நாள், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவேண்டிய வேலை. பாக்கியவதிக்கு நாலு நாள் ஏது? நாலு நாளைக்கான கொள்ளை ஒரே தடவையில் திணித்தாள். வழிந்துவிடக் கூடாதென்று கயிற்றையும் இறுக்கிக் கட்டினாள்.

ஊரில் அவர்கள் போட்டது ஒற்றைத் தோல் செருப்பு. பக்கமெல்லாம் திறந்தது, கொள்ளு ஊதினாலும் வழி உண்டு. சீமை பூட்ஸ் நாலு பக்கமும் தைத்து மூடியது. காலையில் பார்த்தால் இரண்டும் பக்கவாட்டில் வாய்பிளந்து கிடந்தன. கிழிசல் வழியே முளைகட்டாத கொள்ளு தரையில் சிந்தியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அதுதான். பாக்கியவதி தலையிலடித்துக்கொண்டாள். பிள்ளை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கொள்ளைப் பொறுக்கிப் பானையில் போட்டுவிட்டு பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சக்கிலியர் பார்த்துவிட்டு, புதுத்தோல் வைத்துத் தைக்க இரண்டு நாளாகும் என்றார். கொர்னேலியஸ் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பத்துப் பேரோடு ஆடிக்கொள்கிறோம், நீ கோட்டுக்கு வெளியே நின்று பார் என்றார்.

அதிலும் ஓர் ஆறுதல் இருந்தது. தானில்லாமல் பத்துப் பேர் திணறுவார்கள், அந்த ஓட்டையை ஊரே பார்க்கும் என்று இன்பராஜ் நினைத்துக்கொண்டான். அதுவும் நிலைக்கவில்லை. பெங்களூர்க்காரர்கள் பெரிய மனது படைத்தவர்கள். எதிரணியில் ஒருவன் குறைகிறான் என்று கேள்விப்பட்டதும் தங்களில் ஒருவனையும் வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். பத்துக்குப் பத்து; கணக்கு நேர். எல்லோரும் கை தட்டினார்கள். இன்பராஜ் விட்டுப்போன இடம் எது என்று இனி யாருக்கும் தெரியாது.

வெளியே வந்த பெங்களூர்ப் பையன் ஹரோல்ட், ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரப் பையன், அவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து புல்லைப் பிய்த்தான்.

"உங்க ஸ்கூல்ல எவனோ பூட்ஸ் கிழிச்சிட்டான், மேன். அவனாலே நான் வெளியே."

"நான்தான் அது," என்றான் இன்பராஜ்.

ஹரோல்ட் திரும்பி முகத்தைப் பார்த்தான், பிறகு புண்ணான கால்களைப் பார்த்தான். நல்ல பையன். கோபமெல்லாம் போய், தன் பூட்ஸைக் கழற்றி நீட்டினான். போட்டுப் பார் என்றான்.

அகலமான பூட்ஸ். புண்ணில்கூட உரசவில்லை. இன்பராஜ் எழுந்து இரண்டடி வைத்தான், பிறகு ஓடினான். பாதி ஆட்டம் முடிந்து எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். கொர்னேலியஸ் முன்னால் போய் நின்று காலைக் காட்டினான்.

அவர் பூட்ஸைப் பார்த்தார். தூரத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த ஹரோல்டையும் பார்த்தார்.

"நீ உள்ள வந்தா நாம பதினோரு பேரு, அவங்க பத்து. அவனும் வந்தாதான் சமம். அவன் இன்னாத்த போட்டுக்கினு வருவான்?"

ஒரு ஜோடி, இரண்டு பையன்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அப்படியே நின்றது. விசில் ஊதிவிட்டார்கள். இன்பராஜ் நடந்து வந்து, உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்தான். அடக்கிப் பார்த்தும் அழுகை வந்துவிட்டது.

ஹரோல்ட் பூட்ஸை மாட்டிக்கொண்டே, அடுத்த சனிக்கிழமை தங்களுக்கு வேறொரு ஆட்டம் இருப்பதாகச் சொன்னான். "நீயும் அடுத்த தடவை ஆடு," என்று முதுகில் தட்டிக்கொடுத்தான். இன்பராஜ் சரி என்றான்.

திங்கட்கிழமை விடியற்காலை ஷாஃப்ட் வாயில் பெயரும் வயதும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வேறு எதையும் பார்க்கவில்லை. ஆளிறக்கும் கூண்டான கேஜுக்குள் ஆட்கள் தோளோடு தோள் நெருக்கி நின்றிருந்தார்கள். இனி நுழையாது என்று அவன் தயங்கிப் பின்வாங்கியபோது, மணியடிக்கிறவர் அவன் கையைப் பிடித்து இழுத்து, நடுவில் தள்ளினார்.

"இன்னும் ஓராளுக்கு இடம் கீது. வா."