இறக்கங்களில் கேட்டது

...சாவியைத் திருப்பிவிட்டால் போதும், எஞ்சின் அடங்கிவிடும், கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் வண்டி தன் கனத்திலேயே இறங்கிக்கொள்ளும், கண்ணமங்கலம் தாண்டியதும் வருகிற இந்த இறக்கம் அப்படிப்பட்டது, அடிவாரத்துப் புளியமரம் வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை. போன தீபாவளி கழிந்து பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறிய பிறகுதான் ஜியாவுல்லா இதைப் பழகிக்கொண்டான். இத்தனை வருஷமாக இதே வேலூர் ரோட்டில் ஓட்டியிருக்கிறான், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று யோசித்ததே இல்லை, இப்போதோ திருவண்ணாமலையிலிருந்து வேலூர் வரைக்கும் ஒவ்வொரு இறக்கமும் மனப்பாடம். அரபு நாட்டில் சண்டை, அதனால் விலை ஏறியது என்றார்கள். எங்கேயோ இருக்கிற பாலைவனத்தில் யாரோ சுட்டுக்கொண்டதற்கு இங்கே கோபுர வாசல் டாக்சி ஸ்டாண்டில் காசி ஏன் பெட்ரோலில் கெரசின் கலந்து ஊற்ற வேண்டும், அவன் வண்டி ஏன் காசநோய்க்காரன் மாதிரி இருமிக்கொண்டு புகை கக்க வேண்டும்... சுப்பிரமணி வண்டியை விற்றுவிட்டு லாரிக்குப் போய்விட்டான். வக்கீல் தன் பியட்டுக்குத் துணி போர்த்திவிட்டு சைக்கிளில் கோர்ட்டுக்குப் போகிறார். ஆசிரமத்து வெள்ளைக்காரர்கள்கூட நாலு பேர் சேர்ந்தால்தான் கார் கேட்கிறார்கள், இல்லையென்றால் குதிரைவண்டி. குதிரைவண்டிக்கார சடையன் நேற்றுகூடச் சிரித்தான், ‘எங்குளுதுக்குப் புல்லு போதும் பாய்’ என்று. சிரிக்கட்டும், இத்தனை நாள் நாம் தூசியைக் கிளப்பிவிட்டு அவனைத் தாண்டிப் போனோமே, அவனுக்கும் ஒரு காலம் வரவேண்டாமா.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் சத்தம் நின்றது, காற்று மட்டும் ஜன்னலில் உரசியது. இந்த அமைதிதான் இன்னும் பழகவில்லை. எஞ்சின் ஓடும்போது பின்சீட்டில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது, அது ஒரு மரியாதை, டிரைவருக்கும் பார்ட்டிக்கும் நடுவில் ஒரு திரை. இப்போது இறக்கம் வந்தால் திரை விலகிவிடுகிறது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பெண் வீட்டாரைப் பற்றிக் குசுகுசுப்பது, மாமியாரும் மருமகளும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிக்கொள்வது, எல்லாம் கேட்கிறது. கேட்டும் கேட்காதது மாதிரி ரோட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் போய் இப்படி ஒரு பாரத்தையும் ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று யார் நினைத்தார்கள்.

“டாக்டர் கடைசியா என்ன சொன்னாரு ரேணுகா?”

சக்கரபாணியின் குரல்தான். தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், கடையின் அந்தக் கோடியில் நின்று பேசினால் இந்தக் கோடியில் பித்தளைக் குடங்கள் அதிரும், அந்தக் குரலா இது... மனைவி மடியில் தலையை வைத்துப் படுத்திருக்கிறார், காலை நீட்ட இடமில்லாமல் மடக்கிக்கொண்டு.

“மாத்திரை எழுதிக் குடுத்திருக்காருங்க. பங்குனிக்குள்ள எழுந்து நடப்பீங்கன்னாரு. கஞ்சியும் மோரும் மட்டும் குடுக்கச் சொன்னாரு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

ரேணுகாம்பாளின் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. காலையில் வேலூர் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் தனியாக வந்து நின்றவளா இவள்? ‘பாய், வண்டிய கொஞ்சம் பதமா ஓட்டுங்க, வயித்தத் தொறந்து பாத்துட்டு அப்டியே மூடிட்டாங்களாம், வூட்டுக்குக் கூட்டினு போயிடுங்கன்னுட்டாங்க, அவருக்குத் தெரியாது, வழியில எதனா கேட்டா நல்லாயிடும்னு சொல்லுங்க’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். நல்லாயிடும் என்று சொல்லலாம், அதில் என்ன இருக்கிறது, வாய்வார்த்தைதானே... ஆனால் அவர் கேட்டால் நம் முகம் சொல்லுமா? நல்லவேளை, டிரைவர் முகம் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், முதுகைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது.

புளியமரத்தருகே வண்டி வேகம் குறைந்து தளர்ந்தது. சாவியைத் திருப்பினான், எஞ்சின் உறுமியது, அப்பாடா. அவனுடைய அப்பா மக்பூல் யுத்த காலத்தில் கரிவாயு பஸ் ஓட்டியவர். அப்போதும் இதே கதைதான், பெட்ரோல் ரேஷன், பஸ்ஸின் பின்பக்கம் ஒரு அடுப்பைக் கட்டி, கரியைக் கொட்டி, விசிறியைச் சுற்றிச் சுற்றி, அந்தப் புகையில் பஸ் ஓடுமாம், போளூர் மேட்டில் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்களாம். யுத்தம் முடிந்தது, பெட்ரோல் வந்தது, கரி மட்டும் அப்பாவின் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. எச்சில் துப்பினால் கறுப்பாக வரும். கடைசி மாதங்களில் அவரிடமும் யாரும் எதையும் சொல்லவில்லை, அம்மா குர்ஷித் பேகம் வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். அப்பாவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று துருவித் துருவிக் கேட்கிற மனிதர், தன் நெஞ்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே... இத்தனை வருஷமாக இது தோன்றவே இல்லை, இன்றைக்கு ஏன் தோன்றுகிறது.

சந்தவாசல் தாண்டி அடுத்த இறக்கம் வந்தது. கை சாவிக்குப் போய்விட்டுத் திரும்பியது. வேண்டாம். எஞ்சினை நிறுத்தினால் அவர் மறுபடி கேட்பார், அவள் மறுபடி பங்குனி என்பாள், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க இவனால் முடியாது. போகட்டும், எரிகிற பெட்ரோல் எரியட்டும். இந்த டாங்கில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் நாளைக் காலையில் செங்கம் சவாரி, வீட்டில் ஜாஹிராவுக்குத் தெரிந்தால் சண்டை பிடிப்பாள், இறக்கத்துல எஞ்சினோட எறங்குனியா, ஒனக்கு என்ன கிறுக்கா என்பாள். அவளும் இப்போது பாதி மெக்கானிக் ஆகிவிட்டாள், பெட்ரோல் விலை எல்லோரையும் மெக்கானிக் ஆக்கிவிட்டது.

“இன்னா பாய், எஞ்சின நிறுத்தலியா?” ரேணுகாம்பாள் கேட்டாள். “ஆஸ்பத்திரியில சேக்கப் போனப்ப எல்லா எறக்கத்துலயும் நிறுத்தினீங்களே.”

கவனித்திருக்கிறாள். இத்தனை கவலையிலும் கவனித்திருக்கிறாள்.

“பாட்டரி கொஞ்சம் வீக்கா இருக்குதும்மா,” என்றான். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது... அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

போளூரில் ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மாத்திரைக்கு வெந்நீர் வேண்டும். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, அவர் தலைக்குக் கீழே சால்வையை மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் முதுகு ஓட்டலுக்குள் மறைகிற வரைக்கும் பின்சீட்டில் சத்தமில்லை. பிறகு, “பாய்,” என்றார்.

“சொல்லுங்கய்யா.”

“திரும்பாதீங்க, அப்டியே இருங்க. அவ பாத்தா என்னமோ பேசறோம்னு நெனைப்பா.” மூச்சு வாங்கினார். “வார்டுல என் பக்கத்து பெட்டுல ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் இப்டித்தான், தொறந்து பாத்துட்டு மூடிட்டு, பங்குனிக்குள்ள நடப்பேன்னு அனுப்பினாங்க. எனக்குத் தெரியும் பாய்.”

நல்லாயிடும்யா என்று சொல்ல வேண்டும், அதற்குத்தானே காலையில் சொல்லி வைத்தாள். எதிரே ஓட்டலில் யாரோ பரோட்டா மாவை அடித்துக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்தான்.

“அவளுக்கு நான் தெரிஞ்சிகினேன்னு தெரிய வாணாம். ரெண்டு நாளா முந்தானைய வாயில அடச்சினு வராண்டாவுல நிக்கிறா, உள்ள வரும்போது சிரிச்சினே வரா. அந்தச் சிரிப்ப நான் ஒடைக்கலாமா? யாரு கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சி. அதான் ஒங்க கிட்ட சொன்னேன்.”

“சரிங்கய்யா.”

அவள் பிளாஸ்கோடு வருவது தெரிந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார், அது தூக்கம் மாதிரியே இருந்தது. அவள் மாத்திரையைக் கொடுக்கும்போது, இவ்ளோ சுடச்சுடவா கொண்டாந்தே என்று செல்லமாகக் கடிந்துகொண்டார், அவள் சிரித்தாள். இரண்டு பேரும் அவனை நம்பி ஆளுக்கொரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குச் சிரிக்கிறார்கள், இவன் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கியர் மாற்ற வேண்டும்.

கலசபாக்கம் தாண்டியதும் மலை தெரிந்தது. இது எல்லோருக்கும் அண்ணாமலையார், அவனுக்கு மலை, ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம், எத்தனை ஆயிரம் பேரை இதைச் சுற்றிக் கூட்டிப்போய்க் காசு வாங்கியிருக்கிறான். சக்கரபாணி எழுந்து உட்கார வேண்டும் என்றார். அவள் தோளைக் கொடுத்துத் தூக்கி வலப்பக்கம் ஜன்னலோரமாக உட்கார வைத்தாள், இவனுக்கு நேர் பின்னால். ஊருக்குள் நுழைந்து வண்டி தேரடித் தெருவுக்குத் திரும்பப் போனபோது, “பாய், மலைய ஒரு சுத்து சுத்திட்டுப் போலாமா?” என்றார்.

“எதுக்குங்க இப்ப, ஒடம்பு அலுத்துப் போயிருக்குது,” என்றாள் அவள். “நல்லானப்புறம் நடந்தே சுத்திக்கலாம். பெட்ரோல் விக்கிற வெலைல பாய வேற அலைய வுடுறதா.”

“பங்குனில நடக்கறேன். இன்னிக்கி கார்ல போலாம்,” என்றார் அவர். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

“போலாம்மா. பெட்ரோல் இருக்குது,” என்றான் ஜியாவுல்லா.

ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டை விட்டு வலப்புறம் திரும்பியதும் கூட்டம் இல்லை, வண்டி இல்லை, இரண்டு பக்கமும் மரங்கள், சாயங்கால வெயில் மலையின் மேல் பாதியில் மட்டும். நடக்கிறவன் வேகத்துக்கு ஓட்டினான், இந்த வேகத்தில் ஓட்டினால் பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும், குடிக்கட்டும். நாளை செங்கம் சவாரிக்கு காசியைப் போகச் சொல்லிவிடலாம், புகை கக்கினாலும் போய்ச் சேர்ந்துவிடுவான். ஜாஹிராவிடம் என்ன சொல்வது... சொன்னால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், அவள் திட்டுவதெல்லாம் காரணம் தெரியாதவரைக்கும்தான். கண்ணாடியில் ரேணுகாம்பாள் மட்டும் தெரிந்தாள். அவர் நேர் பின்னால் இருந்ததால் தோளின் ஒரு ஓரம்தான் தெரிந்தது, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது, தூங்கிவிட்டார் போலிருக்கிறது. அடி அண்ணாமலையில் ஆடுகள் ரோட்டை மறித்துக்கொண்டு வந்தன. வேறு வழியில்லை, எஞ்சினை நிறுத்தினான்.

“பாய்,” என்றாள் அவள், மூச்சுக்காற்று மாதிரி. “போளூர்ல நான் வெந்நி வாங்கப் போனப்ப அவரு ஒங்க கிட்ட என்னமோ பேசினு இருந்தாரே. ஓட்டல் உள்ள இருந்து பாத்தேன். இன்னா சொன்னாரு?”

ஆடுகளின் மணி ஒலித்தது. கடைசி ஆடு போகவே இல்லை, ஒன்று நின்று வேலியைக் கடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவில்லை என்று இருந்துவிடலாம்.

“பெட்ரோல் வெலையப் பத்திதாம்மா. இப்டி ஏறினு போனா டிரைவருங்கள்லாம் எப்டிப் பொழைப்பீங்கன்னு கேட்டாரு.”

அவள் தலையை ஆட்டினாள். அவன் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே ஆட்டினாள். “அதத்தான் பேசியிருப்பாருன்னு நெனச்சேன்,” என்றாள், “அவருக்கு எப்பவும் அடுத்தவங்க கஷ்டம்தான்.” வேறு எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் எப்படி நம்பினாள், நம்ப வேண்டும் என்றே காத்திருந்தவள் மாதிரி... கண்ணாடியில் பார்த்தான். அவள் மடியில் இருந்த கையின் மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்திருந்தது, நரம்பு புடைத்த, ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன கை. அது மெல்ல அவள் விரல்களைத் தட்டிக்கொடுத்தது. தூங்குகிறவரின் கை அப்படித் தட்டாது. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை, அவரும் கண்ணைத் திறந்திருக்க மாட்டார், இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். ஆடுகள் எப்போதோ போய்விட்டிருந்தன, ரோடு காலியாகக் கிடந்தது, அவன் சாவியைத் தொடவில்லை. இந்த வண்டிக்குள் விஷயம் தெரியாதவர்கள் என்று யார் இருக்கிறார்கள், யார் காதில் விழக் கூடாதென்று நாம் மூன்று பேரும் இவ்வளவு மெதுவாகப் பேசிக்கொண்டு வருகிறோம்...