கிரேன்காரரின் இரண்டு நொடி

கிரேன்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு பேஸ்மேக்கர் உட்கார்ந்திருந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தையல் நனையக் கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் மனைவி மனப்பாடம் செய்துகொண்டு காவல் நின்றாள். முப்பது டன் இரும்பை ஆகாயத்தில் நிறுத்தி வைத்த மனுஷனுக்கு, சட்டை மாட்டிவிட ஆள் வேண்டியிருந்தது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் உள்ளே கிடந்து அறுத்தது.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கா?”

இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். வந்திருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால், கிரேன் கூண்டுக்குள், இரண்டே நொடி. கண் திறந்தபோது இரும்புக் கட்டு கீழே நின்ற லாரியின் கூரையை நசுக்கியிருந்தது. டிரைவர் இறங்கிப் போயிருந்ததால் உயிர் தப்பினார். விசாரணையில் கிரேன்காரர் வாய் கூசாமல், கீழே நின்றவன் ‘இறக்கு’ என்று கை காட்டினான், இறக்கினேன் என்றார். அந்தத் தொழிலில் கீழே நிற்பவன் கை காட்டினால்தான் மேலே இருப்பவன் அசையலாம். அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அப்பாவியை ஸ்டோரில் பெட்டி அடுக்கத் தள்ளினார்கள்.

அந்த மீசைதான் இன்று நலம் விசாரிக்க வந்து நின்றான். போன வாரம் கிரேன் ஏணியடியில் மயங்கி விழுந்த கிரேன்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இவன்தான். மனைவி முகம் கொடுத்துப் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். தன் புருஷனுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவன் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள் பாவம்.

ஒரு கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு அவர் தடுமாறுவதைப் பார்த்து, மீசை கேட்காமலே வந்து மாட்டிவிட்டான். பொத்தானில் அவன் கை வைத்ததும் கிரேன்காரர் கூனிக் குறுகிப் போனார். அதற்கு மேல் மனசு தாங்கவில்லை.

“அன்னிக்கு நீ சரியாத்தான் காட்டின. எனக்குத்தான் கண்ணு இருட்டிருச்சு.”

“தெரியும்ணே. நிறுத்துங்கன்னு ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டே இருந்தேன். உங்க தலை சாஞ்சு கிடந்துச்சு.”

“அப்புறம் ஏன்டா வாயத் திறக்கல?”

மீசை அடுத்த பொத்தானைப் போட்டான்.

“நான் சொன்னா உங்களை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நீங்களா டாக்டரைப் பாத்துட்டு வந்து சொல்லிருவீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லல. அப்புறம் நான் சொன்னா யாரு நம்புவாங்கன்னு எனக்கும் பயமாப் போச்சு. நீங்க மேல ஏறுற நாளெல்லாம் ஸ்டோர் ஜன்னல்லேர்ந்து உங்க கூண்டையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அடுப்படியிலிருந்து டீயோடு வந்த மனைவி அப்படியே நின்றாள். கிரேன்காரர் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். முதலில் உடம்பைத் தேற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம் என்றார் மேனேஜர்.

“இல்ல சார், இப்பவே எழுதிக்குங்க,” என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் மீசையை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.