ரப்பர்ப் பால் பூசிய டின்

வண்டி எண்ணெயை வீட்டில் வைத்துக்கொள் என்று உத்தரவு போட்ட துரை, அந்த வீட்டில் ஒரு வேளை சோறு தின்று பார்த்திருக்க வேண்டும். சோற்றில் எண்ணெய் வாடை, பாயில் எண்ணெய் வாடை, முத்தம்மாளின் தலைமுடியில்கூட அதே வாடை. தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அவள் வருவதைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "லோரி வருது, வழி விடுங்கடி" என்று கேலி செய்தார்கள்.

மலாயாவில் சுங்காய்க்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு லோரி வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில். அதுவரை ரப்பர் ஷீட்டுகளை ரயிலடிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோன உடையப்பனையே துரை ஈப்போவுக்கு அனுப்பி, லோரி ஓட்டப் பழகி வரச் செய்தார். எஞ்சின் எண்ணெய் முதலில் ஸ்டோரில்தான் இருந்தது. கரையான் ஏறாமல் இருக்கத் தூணில் பூசுவதற்கு ஒருவன், மாட்டுப் புண்ணில் தடவுவதற்கு ஒருவன் என்று ஆளுக்கொரு சிரட்டை அள்ளிப் போனதில் டின்கள் இளைத்துக்கொண்டே வந்தன. துரை உடையப்பனைக் கூப்பிட்டு, எண்ணெய் இனிமேல் உன் வீட்டில், குறைந்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்தப் பழைய மண்ணெண்ணெய் டின்கள் கழுத்து வரை எஞ்சின் எண்ணெயோடு அவன் வீட்டுக் கட்டிலுக்கடியில் வந்து உட்கார்ந்தன.

"வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்ட கதையாவுல இருக்கு" என்றாள் அவன் பெண்டாட்டி முத்தம்மா.

"லோரிய நெனச்சிக்க. வாடை தெரியாது" என்றான் உடையப்பன்.

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வீட்டில் இருந்த அவள் தங்கை ராக்காயி மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை பிரசவத்திலேயே செத்துப்போனது. தாய் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்று தரித்தால் தோட்டத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது, வலி கண்டதும் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட வேண்டும் என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாட்டு வண்டியில் தாப்பா போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்து பெயரும் வைத்துவிடலாம். லோரி வந்த பிறகுதான் ராக்காயிக்கும் அவள் புருஷன் மாயாண்டிக்கும் முகத்தில் களை வந்தது. துரையும் சரி என்று தலையாட்டியிருந்தார். அதனால் முத்தம்மா அந்த வாடையைச் சகித்துக்கொண்டாள். தங்கைக்காக அதைவிட மோசமானதையும் சகித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் வெயிலேறும் நேரத்தில் ராக்காயி உப்பு வாங்க அக்கா வீட்டுக்குள் வந்தாள். இரண்டெட்டு வைத்திருப்பாள், கால் வழுக்கியது. முத்தம்மா பாய்ந்து பிடித்திராவிட்டால் வயிற்றோடு விழுந்திருப்பாள். கட்டிலுக்கடியில் இருந்து எண்ணெய் கசிந்து, பலகைத் தரையில் வாசல் வரைக்கும் ஓடியிருந்தது. ஒரு டின்னின் அடிமூட்டு விட்டுப்போய் இருந்தது.

தங்கையைக் கட்டிலில் உட்கார்த்திவிட்டு முத்தம்மா அடுப்படிக்கு ஓடினாள். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி எண்ணெயை உறிஞ்ச வைத்தாள். கொட்டாங்கச்சியால் சுரண்டினாள். மறுபடி சாம்பல், மறுபடி சுரண்டல். பலகை இடுக்கில் போனது போனதுதான். ஒழுகிய டின்னில் மிச்சமிருந்ததைச் சோறு வடிக்கும் பெரிய பானையில் ஊற்றி வைத்தாள். அந்தப் பானை அன்றோடு சோற்றுக்கு ஆகாமல் போனது.

"மச்சான் வரட்டும்க்கா. சுங்காயில தகரக்காரச் சீனன்கிட்ட குடுத்தா ஈயம் வச்சி ஒட்டிருவான்" என்றாள் ராக்காயி.

"அவரு எப்ப வந்து, எப்ப சுங்காய்க்குப் போயி... அதுக்குள்ள நீ இன்னொரு தரம் வழுக்கி விழவா? நா பாத்துக்கிறேன்."

ரப்பர்த் தோட்டத்தில் ஒழுகுகிற எதற்கும் ஒரே மருந்துதான். வாளி ஒழுகினால் பால், கூரைத் தகரம் ஒழுகினால் பால், செருப்பு கிழிந்தாலும் பால். மரத்திலிருந்து இறக்கிய ரப்பர்ப் பாலை ஓட்டைமேல் ஊற்றிக் காயவிட்டால் தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும். அதில் முத்தம்மாளை அடித்துக்கொள்ள லயத்தில் ஆள் இல்லை. மறுநாள் பாலுக்கு மரம் கீறிவிட்டு வரும்போது, கங்காணி கண்ணில் படாமல், மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றில் பால் கொண்டு வந்தாள். டின்னைச் சாம்பலும் சவுக்காரமும் போட்டுக் கொதிநீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே பாலை ஊற்றிச் சுழற்றினாள். ஒரு பூச்சு காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு. பிறகு டின் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

உடையப்பன் டின்னைத் தூக்கிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். ஈப்போவில் எஞ்சினைப் பிரித்து மாட்டப் படித்தவன். ஆனாலும் அவனும் பிறந்ததிலிருந்து பால் பூசிய வாளியில் குளித்தவன்தானே.

"சீனன் தோத்தான் போ" என்று சிரித்தான்.

பானையில் இருந்த எண்ணெய் மறுபடி டின்னுக்குப் போனது. கட்டிலுக்கடியில் தரை காய்ந்தே கிடந்தது. முத்தம்மா தினமும் குனிந்து விரலால் தடவிப் பார்ப்பாள், திருப்தியாக நிமிர்வாள். மழைக்காலம் தொடங்கியபின் ஒரு காலையில் உடையப்பன் லோரிக்கு எண்ணெய் ஊற்றும்போது, அது நூல் நூலாக இறங்குவதைப் பார்த்தான்.

"என்னா, கூழு மாதிரி ஊத்துது" என்று வந்து சொன்னான்.

"குளிருக்குத் தேங்கா எண்ணெ ஒறையலயா? அது மாதிரிதான் இதுவும்."

அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ராக்காயிக்கு வலி கண்டது ஒரு காலைநேரத்தில், பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குக் கிளம்பிய கையோடு. டிரெசர் வந்து பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே கிளம்புங்கள் என்றார். லோரியின் பின்னால் சாக்குகளைப் பரப்பி, மேலே மெத்தையைப் போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். முத்தம்மா தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மாயாண்டி மழை படாமல் மேலே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு குந்தினான். லோரி ஒரே உறுமலில் கிளம்பியது. அந்த உறுமல் அன்றைக்கு முத்தம்மாளுக்கு மாரியாத்தா கோயில் மேளமாகக் கேட்டது.

"பயப்படாத புள்ள. லோரி இருக்குல்ல" என்றாள்.

"பயம் இல்லக்கா" என்றாள் ராக்காயி, பல்லைக் கடித்தபடி.

வழியில் வரும் பீடோர் ஊருக்கே இன்னும் தூரம் இருந்தது. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உடையப்பன் வேகத்தைக் குறைத்தான். சத்தம் பெருத்தது, புகை வந்தது, பிறகு ஒரு குலுக்கலோடு லோரி நின்றுவிட்டது. அவன் இறங்கி, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். அது அசையவில்லை. மாயாண்டியும் இறங்கி, இரண்டு பேருமாகத் தொங்கினார்கள். எஞ்சின் கல்லாய் இறுகிக் கிடந்தது.

இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், மேலே மழை. மாயாண்டி பீடோர்ப் பக்கம் ஓடினான். முத்தம்மா இந்தப் பக்கம் ஏதாவது வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனாள். மாயாண்டி ஒரு வாடகைக் காரோடு திரும்பி வந்தபோது, பிள்ளை லோரியிலேயே பிறந்திருந்தது. பெண் பிள்ளை. முடி நிறைய இருந்தது. அது அழவில்லை. முத்தம்மா அதன் முதுகில் தட்டினாள், வாயில் ஊதினாள், ஆத்தாளைக் கூப்பிட்டாள். ராக்காயி, "அழுவுதாக்கா, அழுவுதா" என்று கேட்டுக்கொண்டே மயங்கிப் போனாள்.

காரில் ஏற்றித் தாப்பாவுக்குக் கொண்டுபோனதில் ராக்காயி பிழைத்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். மாயாண்டி லோரியைத் திட்டினான். ஓட்டை வண்டியை வாங்கி வந்த துரையைத் திட்டினான். விதியையும் விடவில்லை. உடையப்பனை ஒரு சொல் சொல்லவில்லை. "அண்ணே, நீ என்னா செய்வ" என்றுதான் சொன்னான்.

லோரியைக் கயிறு கட்டித் தோட்டத்துக்கு இழுத்து வந்தார்கள். ஈப்போவிலிருந்து வந்த மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தான். எண்ணெய் போகிற குழாய் அடைத்திருந்தது. அடைத்திருந்ததை அவன் ஒரு கம்பியால் இழுத்து வெளியே போட்டுவிட்டு, எண்ணெயில் அழுக்கு, டிரைவர் பார்க்கவில்லை என்று துரையிடம் சொன்னான். உடையப்பன் அந்த அழுக்கை ஓர் இலையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முத்தம்மாளின் முன் வைத்தான்.

கறுப்பாக, கொழகொழவென்று இருந்தது. அவள் இரண்டு விரலால் எடுத்து இழுத்துப் பார்த்தாள். அது நீண்டது, விட்டதும் கொஞ்சம் சுருங்கியது. பத்து வயதிலிருந்து அந்த விரல்கள் தொட்டு வருவது வேறென்ன. அவள் எழுந்துபோய்க் கட்டிலுக்கடியில் இருந்த டின்னை இழுத்து, மிச்ச எண்ணெயைச் சாய்த்து, உள்ளே கையை விட்டாள். கெட்டியாகப் பிடித்திருந்த பூச்சு சளியாகக் கையோடு வந்தது. தண்ணீருக்கு நின்ற பால் எண்ணெயில் கரைந்து போயிருந்தது.

"நாந்தான் கொன்னுட்டேன்" என்றாள்.

"நானுந்தான் பாத்தேன். நூலு நூலா எறங்குனத கண்ணால பாத்தேன்."

"ராக்காயிகிட்ட சொல்லிர்றேன்."

"சொல்லி? அவளுக்குன்னு இருக்கிற ஒடம்பொறப்பு நீ ஒருத்தி. அதையும் எடுத்துரப் போறியா?"

அவனும் துரையிடம் வாயைத் திறக்கவில்லை. அழுக்கு எண்ணெய் ஊற்றிய குற்றத்துக்கு லோரி அவன் கையைவிட்டுப் போனது, மாட்டு வண்டி திரும்ப வந்தது. டின்கள் ஸ்டோருக்குப் போயின. கட்டிலுக்கடி காலியானது. வாடை மட்டும் பலகையில் இருந்தது. முத்தம்மா அதைத் தேய்க்கவில்லை.

ராக்காயி வெகுநாள் யாரோடும் பேசாமல் கிடந்தாள். பிறகு மெல்ல வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் ஒரு வாளியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அடி ஒழுகுதுக்கா. பால் ஊத்திக் குடேன்."

"சீனன்கிட்ட குடு. ஈயம் வப்பான்."

"இம்புட்டு நாளும் நீதான செய்வ. எனக்குன்னா இப்ப மனசு வரலயா?"

முத்தம்மா வாளியை வாங்கிக்கொண்டாள். தயங்கித் தயங்கிப் பாலை ஊற்றினாள், சுழற்றினாள், காயவைத்தாள். ராக்காயி பக்கத்திலேயே உட்கார்ந்து, மேயப்போன கோழியைப் பற்றியும் புதுக் கங்காணியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த உடையப்பன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ராக்காயி வாளியைத் தூக்கி அடியில் கையை வைத்துத் தடவினாள். கை ஈரமாகவில்லை. பிள்ளை போனதிலிருந்து சிரிக்காதவள், அப்போது சிரித்தாள்.

"ஒரு சொட்டு இல்ல பாரேன். ஒங் கை ராசியான கைக்கா" என்று சொல்லி, முத்தம்மாளின் கையைப் பிடித்து எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

முத்தம்மாளால் அதை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அங்கேயே விட்டுவைக்கவும் முடியவில்லை.