அய்யாக்கண்ணு விழுந்த இடம்

கணவனின் உள்ளங்கையில் ஏறியிருந்த பிரம்பு முட்களை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள் ருக்குமணி.

"செத்தவருக்கு வலிக்கவா போவுது? குளிப்பாட்டணும், விடு லா," என்றாள் பக்கத்து வீட்டுச் சந்திரிகா.

"இன்னும் ரெண்டுதான்க்கா."

பன்னிரண்டு வருஷமாக அய்யாக்கண்ணு தண்ணீர்மலைக்கு மேலே காட்டில் செருப்புப் பூ என்னும் ஆர்க்கிட் செடிகளை வேரோடு பெயர்த்துத் தரகர் தங்கராஜுவிடம் கொடுத்துவந்தான். அவை கோணி கோணியாகச் சீமைக்குக் கப்பலேறின. போன மழைக்காலத்தில் மலை முழுக்க அலைந்தும் ஒரே ஒரு பாறையிடுக்கில்தான் செடி மிச்சமிருந்தது.

"இதையும் புடுங்கினா இந்த மலையில அந்தப் பூவே இல்ல, ருக்கு," என்றான். அன்றோடு நிறுத்திவிட்டான். கொல்லையில் விற்காமல் கிடந்தவற்றையும் அங்கேயே கொண்டுபோய் நட்டான். நேற்றும் செடி நடத்தான் போனான். மழையில் வழுக்கி விழுந்துவிட்டான். தம்பி சுப்பையாதான் தேடிப்போய்த் தூக்கிவந்தான்.

தங்கராஜு மாலையோடு வந்தார். பிணத்தின் காலடியில் வைத்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"எந்த இடத்துல விழுந்தாரும்மா?"

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"அருவிக்குக் கீழண்ணே. வழுக்குப் பாறையில."

அங்கே செடியே கிடையாது. தங்கராஜு சுப்பையாவைப் பார்த்தார். ரப்பர் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வேலை போய், மூன்று பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவன் அவன். வேலையில்லாதவர்களை அரசாங்கத்தார் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவன் பெயரையும் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அப்படியா சுப்பையா?"

பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவன் கயிற்றை இறுக்கினான்.

"ஆமாண்ணே. அங்கதான்."

ருக்குமணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மூன்றாம் நாள் பால் தெளிக்க எல்லாரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறிய பிறகுதான் சுப்பையா வந்தான். தலைமுடியில் பாசி ஒட்டியிருந்தது. தோளில் கோணி அறுத்த சிவப்புத் தடம்.

"அண்ணி, தங்கராஜண்ணே கிட்டங்கியில மூட்ட தூக்குற வேல குடுத்துட்டாரு. பட்டியல்லேர்ந்து பேர அடிச்சிருவாங்க. புள்ளைங்க இங்கயே இருக்கலாம்."

"செடிய கொஞ்சமாச்சும் விட்டியா தம்பி?"

அவன் பால் செம்பை எடுத்துக்கொண்டு நடந்தான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், சடங்கு செய்தவன் என்று அவனுக்குத்தான் முதல் இலை போட்டாள். அவன் தலை நிமிராமல் பிசைந்து தின்றான். குழம்பில் உப்புப் போடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அவன் கேட்கவில்லை.

உள்ளே போய் உப்பை எடுத்துவந்து, இலையோரத்தில் வைத்தாள்.