சீனிக்கு வந்த ஒன்பது கைகள்

செவ்வாய்க்கிழமை காலை வேதமுத்துவின் வீட்டுப் பின்முற்றத்தில் இருந்தவர்கள்: வேதமுத்து, அவருடைய நாய் சீனி, கால்நடை மருந்தகத்து உதவியாளர் இசக்கி, ஒன்பது கைகள். வலது ஆறு, இடது மூன்று. கைகளுக்கு உரியவர்கள் வரவில்லை. அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

கைகள் ஈரத்துணி சுற்றிய கூடையில், வெற்றிலைக் கவுளி போல அடுக்கி வந்திருந்தன. முடிதிருத்துகிறவருடையவை இரண்டு, செவ்வாய்க்கிழமை அவருக்குக் கடை கிடையாது. பூக்கட்டுகிற செல்லக்கனியுடையவை இரண்டு. பேருந்து நடத்துநர், கல்யாண வீட்டுச் சமையல்காரர், தபால்காரம்மா, மின்வாரிய லைன்மேன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆகியோரிடமிருந்து ஒவ்வொன்று. மணிக்கட்டில் அரைத் திருகு திருகினால் கை வந்துவிடும் என்பதால் யாரும் தர மறுப்பதில்லை.

“எண்ணி எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. பொறவு விரல் குறையுதுன்னு சொல்லப்படாது” என்றான் இசக்கி.

“நாப்பத்தி நாலு விரல் இருக்கு.”

“சரிதான். லைன்மேனுக்குச் சுண்டுவிரல் முந்தியே கிடையாது.”

அறியாத ஆளைக் கண்டு அஞ்சும் நாய்க்கு முதலில் கையைப் பழக்க வேண்டும், ஆளைப் பிறகு பழக்கிக்கொள்ளலாம் என்பது மருந்தகத்தின் முறை. ஆள் முழுதாக வந்தால் குரல், செருப்பு, பார்வை என்று பயப்பட நிறைய இருக்கும். வெறும் கையில் அவ்வளவு இல்லை.

சீனியின் வலது காதுக்குள் சீழ் கோத்திருந்தது. டாக்டரம்மா மாதத்தில் ஒரு வியாழக்கிழமைதான் ஊருக்கு வருவார். இந்த வியாழன் கீறி எடுக்காவிட்டால் சீழ் தலைக்குள் இறங்கிவிடும். அடுத்த முறை அவர் வரும்போது சீனி இருக்காது. சீனியோ வேதமுத்துவைத் தவிர யாரையும் தொட விட்டதில்லை. போன மாதம் மருந்தக மேசையிலிருந்து இரண்டு தடவை குதித்தது. இரண்டாம் தடவை இசக்கியின் முழங்கையைக் கடித்தது. வாய்க்கட்டுப் போட்டால் மூச்சை அடக்கிக்கொண்டது. வேதமுத்து நான்கு நிமிடம் வரை எண்ணிப் பார்த்துவிட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டார்.

அவர் உப்பளத்தில் முப்பது வருடம் மூட்டை எண்ணியவர். அதிகம் பேசமாட்டார். முற்றத்தில் ஒரு பலகையைப் போட்டு, அதில் ஒரு கையை மட்டும் மல்லாக்க வைத்து, பக்கத்தில் அவித்த கோழி ஈரலில் ஒரு துண்டு வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். கை நாயிடம் போகக் கூடாது. நாய்தான் கையிடம் வர வேண்டும். வந்து முகர்ந்தால் ஒரு துண்டு. மோவாய்க்கு அடியில் தொட விட்டால் இன்னொன்று. பிறகு நெஞ்சு, பிறகு தோள். மூன்று எண்ணியதும், சீனி இன்னும் வேண்டும் என்று பார்க்கும்போதே கையை எடுத்துவிடுவார்.

சமையல்காரர் கையைச் சீனி உடனே நக்கியது. நெய் வாசனைக்கு வந்ததை வேதமுத்து சேர்த்துக்கொள்ளவில்லை. சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவி, முதலிலிருந்து தொடங்கினார். நடத்துநர் கை பலகையைத் தட்டிக்கொண்டே இருந்ததால் சீனி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. விரலிடுக்கில் நான்கு காகிதத்தை ரூபாய் நோட்டுப் போல நீளவாட்டில் மடித்துச் செருகியதும் அந்தக் கை அடங்கியது. செல்லக்கனியின் கைகள் சீனியின் வால்மயிரில் ஏழு முடிச்சுப் போட்டன. சீனி ஆட்சேபிக்கவில்லை.

புதன் மதியத்துக்குள் எட்டுக் கைகள் தேறிவிட்டன. தேறாதது தலைமையாசிரியர் கை. பலகையில் வைத்தால் விரல்களை ஊன்றி நேரே சீனியின் வலது காதை நோக்கி நடந்தது. சீனி பல்லைக் காட்டியது. நான்கு முறை வைத்தார். நான்கு முறையும் காதுக்கே போனது.

சாயங்காலம் தலைமையாசிரியரே மதிலுக்கு வெளியே வந்து நின்றார்.

“என் கை எப்படி நடந்துக்குது?”

“காதுக்கே போகுது சார்.”

“முப்பத்தோரு வருஷம் அங்கதானே போச்சு. வேற வழி அதுக்குத் தெரியாதே. நான் வேணா வாங்கிட்டுப் போயிரட்டுமா?”

வேதமுத்து யோசித்தார். எட்டுக் கைகளும் மோவாயைத் தொட்டன, தோளைத் தொட்டன. காதை ஒன்றும் தொடவில்லை.

“வேண்டாம் சார். டாக்டரம்மாவும் அங்கதான் தொடணும்.”

“அப்ப இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாடு இட்லிதான், ஸ்பூன்ல சமாளிச்சுக்கிடுவேன்.”

அவர் போனபின் வேதமுத்து பலகை அருகே குனிந்து தம் காதைக் கொடுத்தார். கை அதைப் பற்றித் திருகியது. சீனி தொட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. வேதமுத்து எண்ணத் தொடங்கினார். ஐம்பதில் வலி கன்னம் வரை வந்தது. நூறில் கண்ணில் நீர் கட்டியது. நூற்றுப் பத்தில் பிடி தளர்ந்தது. இந்தக் காதுக்குச் சொந்தக்காரர் அலறவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, பெஞ்சின் மேல் ஏறவுமில்லை. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கை சும்மா இருந்தது. சும்மா இருந்தபடியே காது மடலை மெதுவாகத் தடவியது.

சீனி வந்தது. கையை முகர்ந்தது. முதலில் இடது காதைக் கொடுத்தது. மூன்று எண்ணி வேதமுத்து கையை எடுத்துவிட்டார். அது மறுபடி வந்து, இந்தத் தடவை வலது காதைக் கொடுத்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு இசக்கியுடன் டாக்டரம்மா வந்தார். அவர் முற்றத்தில் கால் வைத்ததும் சீனி தொட்டிக்குப் பின்னால் போய் நடுங்கியது. கைக்குப் பின்னால் இவ்வளவு ஆள் இருப்பதை அது எதிர்பார்க்கவில்லை.

“உறுமல் இல்லையே, அது போதும்” என்றார் டாக்டரம்மா. பெட்டியைத் திறந்து வைத்தார். கைகளைக் கழுவி, இசக்கியைக் கழற்றி இரண்டையும் பலகையில் வைக்கச் சொன்னார். “நான் முக்குல டீக்கடையில இருக்கேன். இசக்கி, நீ வந்து கிளாஸைப் பிடி.”

“ஊதியும் குடுக்கணுமா டாக்டரம்மா?”

“ஊதத் தெரியும். நீ பிடிச்சாப் போதும்.”

அவர்கள் போனபின் முற்றம் அமைதியானது. சீனி நான்கு நிமிடம் கழித்து வந்தது. டாக்டரம்மாவின் கைகளில் சோப்பு வாசனை. முகர்ந்து பார்த்துவிட்டு ஈரலை எடுத்துக்கொண்டது. தலைமையாசிரியர் கை காதைப் பிடித்துக்கொண்டது; அவ்வளவு பதமாக அந்தக் கை யார் காதையும் பிடித்திருக்காது. டாக்டரம்மாவின் வலது கை மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, சற்றுப் பொறுத்துக் கீறியது. இடது கை பஞ்சால் ஒற்றியது. வேதமுத்து எண்ணவில்லை. எண்ணாமல் இருந்தது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

சீழ் மூன்று கரண்டி வந்தது. கைகள் மருந்து வைத்துக் கட்டி, தம்மைத் தாமே துடைத்துக்கொண்டன.

டாக்டரம்மா திரும்பி வந்து கைகளைப் போட்டுக்கொள்வதைச் சீனி பார்த்துக்கொண்டிருந்தது. தெரிந்த கைகள் இரண்டும் போய் ஓர் ஆளில் பொருந்தின. சீனி எழுந்து அந்த ஆளின் முழங்காலை முகர்ந்து, கட்டுப் போட்ட தலையை அவர் உள்ளங்கையில் வைத்தது. மூன்று எண்ணியும் எடுக்கவில்லை.

“இனி பயமில்லை அண்ணாச்சி. ஆறு நாள் மருந்து குடுங்க, தேறிரும்” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா புறப்பட்டார்.

இசக்கி ஒன்பது கைகளையும் ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கினான். பிறகும் நின்றான்.

“என்ன?” என்றார் வேதமுத்து.

“கீழத்தெருவுக்கு ஒரு டீச்சர் புதுசா குடிவந்திருக்காவ. நாய்னா உயிர் போற பயம். வாசல்ல நாய் படுத்திருந்தா அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஒரு முன்னங்கால் கிடைச்சா ஒரு வாரம் வச்சுப் பழக்கலாம்.”

“என்கிட்ட எதுக்கு? அதுகிட்ட கேளு.”

இசக்கி சற்றுத் தள்ளி, முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்தான். சீனி போய் அவன் முழங்கையில் பழைய கடித் தழும்பை முகர்ந்தது. பிறகு இடது முன்னங்காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தது. அவன் அரைத் திருகு திருகினான். காலை ஈரத்துணியில் சுற்றி, சீட்டு எழுதிக் கட்டி, கைகளுக்கு மேலாக வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு கீழத்தெருப் பக்கம் போனான்.

சீனி நொண்டிக்கொண்டு போய்ச் சாக்கில் படுத்துக் கால்களை நீட்டிக்கொண்டது. வேதமுத்து தலைப்பக்கமிருந்து எண்ணினார். பிறகு வால்பக்கமிருந்து எண்ணினார். மூன்று.