மீதிப் பாதிக்குப் படகு

சிவப்புப் பெட்டியைத் தூக்கி வேனின் பின்பக்கம் வைத்தது நான்தான். தண்ணீர் பாட்டில் கட்டுகளை ஓரமாகத் தள்ளினேன். பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளை ஒதுக்கினேன். பெட்டி ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் போர்வையைச் சுருட்டிச் செருகினேன். வீட்டைவிட்டுப் போகிற பெண்டாட்டியின் பெட்டிக்கு இத்தனை பாந்தமாக இடம் செய்து கொடுத்த புருஷன் அவிஞோன் ஊரிலேயே, ஏன், பிரான்ஸ் முழுக்கவே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். எஸ்தெல் பக்கத்தில் நின்று கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "கனமா இருக்கா?" என்றாள். "இல்ல" என்றேன். கனமாகத்தான் இருந்தது. கம்பளிக் கோட்டு உள்ளே இருந்தது. நாலு நாள் அக்கா வீட்டுக்குப் போகிறவள் அக்டோபரிலேயே கம்பளிக் கோட்டை மடித்து வைக்க மாட்டாள் என்பது தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை.

அன்றைக்குத்தான் சீசனின் கடைசிச் சவாரி. காலையில் கோட்டை வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஆற்றைக் கடந்து, ரோமானியர் கட்டிய பழைய நீர்ப்பாலம், அப்புறம் உசெஸ் ஊரில் மதியச் சாப்பாடு, சாயங்காலம் திரும்புதல். பதினைந்து வருஷமாக நான் ஓட்டுகிறேன், அவள் மைக்கில் பேசுகிறாள். இந்தச் சவாரி முடிந்ததும் அவள் மாலை ரயிலில் லியோனுக்குப் போகிறாள். நான் வேனைக் கழுவி, குளிர்காலத்துக்கு மூடிவைக்க வேண்டும்.

விஷயத்தை அவள் சொன்னது செப்டம்பர் ஆரம்பத்தில். நான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"சீசன் முடிஞ்சதும் லியோனுக்குப் போயிடறேன், ரெஜிஸ். அக்கா வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு. மியூசியத்துல வேலைக்குச் சொல்லி வச்சிருக்காங்க."

நான் வழக்கம்போல, மேஜைமேல் இல்லாத ஹார்னை உள்ளங்கையால் அமுக்கி, வாயால் "பாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"பாத்தியா, இதான். நான் என்ன சொன்னாலும் உன்கிட்ட இருந்து ஹார்ன்தான் வருது. எங்கம்மா செத்தப்பவும் ஏதோ ஜோக் அடிச்ச. வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினா முத்து உதிர்ந்துடுமா?"

"வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். ஆம்பிளைக்குக் கேட்கத் தோன்றுவது அதுதானே.

"யாரும் இல்ல. அதான் பிரச்சனையே. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

பூண்டைத் தொடர்ந்து உரித்தேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. போன குளிர்காலத்திலிருந்தே விடுமுறை நாளெல்லாம் அவள் லியோனுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் நினைத்திருந்தேன். அவளும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை. சீசனை நடுவில் விட்டுவிட்டுப் போகவும் அவள் மனம் கேட்கவில்லை. பணம் கட்டிய பயணிகள் பாவமாம். அந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்து, இரண்டு மாதம் கூடுதலாகப் புருஷனாக இருந்தேன்.

கோட்டை வாசலில் ஏறியவர்களில் ஒரு கிழவி நேராக எஸ்தெலிடம் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் ஒரே ஒரு முத்தம். எங்கள் ஊரில் மூன்று, யாராக இருந்தாலும் மூன்று. பேக்கரிக்காரிக்கு, தபால்காரனுக்கு, சண்டை போட்டுவிட்டுச் சமாதானமான மச்சானுக்கு, எல்லாருக்கும் இடம், வலம், மறுபடி இடம். எஸ்தெல் இரண்டாவதற்காக முகத்தைத் திருப்ப, கிழவி சிரித்துவிட்டாள்.

"எங்க பெல்ஜியத்துல ஒண்ணுதான்மா. சிக்கனமான ஊரு. என்னைத் தெரியலையா? மதாம் லம்போத். பன்னெண்டு வருஷம் முன்னாடி என் வீட்டுக்காரரோட வந்தேனே."

"தெரியாம என்ன மதாம்! அவர் வரலையா?"

"வசந்தத்துல போயிட்டாருமா."

எஸ்தெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அந்த மாதிரி நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

மிஸ்த்ரால் காற்று வீசி வானத்தைத் துடைத்துவிட்டிருந்தது. கோட்டைச் சுவர் ஓரத்து மரங்களின் இலைகளெல்லாம் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய பாலத்தில் ஏறியதும் எஸ்தெல் மைக்கைத் தட்டினாள்.

"வலது பக்கம் பாருங்க. ஆத்துல பாதி வரைக்கும் போயி நின்னுடுச்சே, அதான் எங்க ஊர்ப் பழைய பாலம். வெள்ளம் வரும், உடைச்சிட்டுப் போகும். இவங்க கட்டுவாங்க. மறுபடி வரும், உடைக்கும். கடைசியில போதும்டா சாமின்னு விட்டுட்டாங்க. எங்க கல்யாணமும் அப்படித்தான். ஓட்டுறாரே, இவர்தான் மாப்பிள்ளை. பாதி வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு."

இந்த இடத்தில் நான் ஒரு நீள ஹார்ன் அடிக்க வேண்டும். கோபித்துக்கொண்ட மாதிரி. பயணிகள் சிரிப்பார்கள். பதினைந்து வருஷமாக இது தவறியதில்லை. அன்றைக்குக் கை ஹார்ன்மேல் இருந்தது, அமுக்க வரவில்லை. எஸ்தெல் காத்திருந்தாள். கண்ணாடியில் அவள் பார்வை என்மேல் இருப்பது தெரிந்தது. அமுக்கினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இந்தக் கதைக்குச் சாயங்காலம் ஒரு மறுபாதி உண்டு. திரும்பி வரும்போது, அதே பாலத்தில், வெயில் சாய்ந்து கரையிலிருக்கும் போப்பாண்டவர் அரண்மனைக் கல்லெல்லாம் மஞ்சளாக இருக்கும்போது சொல்வாள். பாதிப் பாலத்தின் முனையில் நின்று கீழே பார்த்தாளாம். அங்கே ஒருத்தன் படகை வைத்துக்கொண்டு, மீதிப் பாதிக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன், ஏறு என்றானாம். "ஏறினவ இன்னும் இறங்கல" என்று முடிப்பாள். மைக்கில் அவள் சொல்வதில் பாதி அளந்துவிடுவது. இது மட்டும் நிஜம். நான் அப்போது ஆற்று நடுவில் இருக்கிற தீவுக்கு ஆளைக் கடத்தும் படகில் வேலை பார்த்தேன். அவள் வழிகாட்டி வேலை பழகிக்கொண்டிருந்த பெண். பாலத்து முனையில் தன்னந்தனியாக நின்று, காற்றிடம் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் கீழேயிருந்து கத்தினேன். இந்தக் காலத்தில் எவளாவது அப்படி வந்து ஏறுவாளா? அவள் ஏறினாள்.

வேனை ஓட்டிக்கொண்டே மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டினேன். சாயங்காலம் அவள் அந்த வரியைச் சொன்னால் போக மாட்டாள். விழுங்கிவிட்டால் போய்விடுவாள். ஊரைவிட்டுப் போகிறவள் எந்த வாயால் இன்னும் இறங்கல என்று சொல்வாள்?

நீர்ப்பாலத்தில் எல்லாரும் இறங்கி நடந்தார்கள். மதாம் லம்போத்துக்கு முழங்கால் வலி. என்னோடு வேன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன்.

"தம்பி, நான் இந்தக் கல்லைப் பாக்க வரல. கல்லு எங்க போகப் போகுது? அந்தப் படகுக் கதையைக் கேக்க வந்தேன்."

"அதுவா?"

"அதை என் வீட்டுக்காரர் சாகுற வரைக்கும் விடல. நான் கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா, கதவுகிட்ட வந்து நிப்பாரு. 'படகு கொண்டு வரட்டுமா'ம்பாரு. ஆஸ்பத்திரியில கடைசியா நான் அவரைக் கேட்டேன், படகு கொண்டு வரட்டுமான்னு. சிரிச்சாரு." காபியை ஒரு வாய் குடித்தாள். "சாயங்காலம் மறக்காம சொல்லச் சொல்லு, என்ன?"

"சொல்லுவா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எழுந்துபோய் கண்ணாடியைத் துடைத்தேன்.

உசெஸில் சனிக்கிழமைச் சந்தை முடியும் நேரம். சந்தைச் சதுக்கத்தைச் சுற்றியிருக்கும் வளைவுகளுக்குக் கீழே சோலாஞ்ச் வைத்திருக்கும் கடையில்தான் எப்போதும் சாப்பாடு. சோலாஞ்சுக்கு எஸ்தெல்மேல் தனிப் பிரியம். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கன்னத்தை நீட்டினாள். எஸ்தெல் இடம், வலம் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். சோலாஞ்ச் மூன்றாவதற்காகக் கன்னத்தை நீட்டியபடியே நின்றாள்.

"அடியே, என்ன ரெண்டோட நிறுத்திட்ட? மூணாவது கடனா?"

"ஐயோ, மறந்துட்டேன். லியோன்ல ரெண்டுதான். அந்தப் பழக்கம்" என்று எஸ்தெல் எழுந்து பாக்கியைக் கொடுத்தாள்.

"லியோனாம் லியோன்! இப்படியே விட்டா நாளைக்கு நம்ம ஆலிவ் எண்ணெயை விட்டுட்டு அவங்க மாதிரி வெண்ணெய்ல சமைப்பா. ரெஜிஸ், உன் பொண்டாட்டியைக் கட்டிப் போடுய்யா."

நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு முன்னால் உப்புமீன் மசியலும் ரொட்டியும் வந்தன. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேனே தவிர, ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவளிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. நீ இல்லாவிட்டால் நான் இந்த வேனை ஓட்ட மாட்டேன். உன் அம்மா செத்த அன்று நான் கழிவறையில் போய் அழுதேன், உன் முன்னால் அழ வெட்கமாக இருந்தது. போகாதே. மூன்றும் தொண்டை வரைக்கும் வந்தன. "உப்பு போதுமா?" என்று கேட்டாள். "போதும்" என்றேன்.

திரும்பும்போது வேனுக்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஆறு தெரிந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த கார்க்காரன் திட்டியிருப்பான். இடது பக்கம் பாதிப் பாலம் வெயிலில் நின்றது. எஸ்தெல் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பாலத்தில் கால்வாசி கடந்தாயிற்று. சொல்லமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

"படகு!" என்று பின்னாலிருந்து மதாம் லம்போத் குரல் கொடுத்தாள். "பொண்ணே, படகை விட்டுட்டியே."

எஸ்தெல் மைக்கை எடுத்தாள். "விடுவேனா, மதாம்? காலையில பாதின்னு சொன்னேன்ல? பாதியில நின்னு கீழ பாத்தேன். ஒருத்தன் படகோட நின்னான். தலையெல்லாம் கலைஞ்சு, சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருந்தான். 'மீதிப் பாதிக்கு நான் கொண்டுபோய் விடறேன், ஏறு'ன்னான். ஏறினவ இன்னும் இறங்கல."

பித்தான் விஷயம் அவள் ஒருநாளும் மைக்கில் சொன்னதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. நான் குட்டியாக இரண்டு ஹார்ன் அடித்தேன், வழக்கமாக அடிப்பதுபோல. மதாம் லம்போத் கைதட்டினாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் தட்டினாள். எனக்கு ஆற்றைப் பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது. இன்றைக்கு இரவு வீட்டில் கோழி வறுக்கலாம் என்று நினைத்தேன். அவள் கம்பளிக் கோட்டைத் திரும்ப அலமாரியில் மாட்ட வேண்டும் என்றும் நினைத்தேன்.

மற்றவர்களைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனோம். மதாம் லம்போத்துக்குப் பிரஸ்ஸல்ஸ் ரயில். அவள் பெட்டியை மட்டும் இறக்கிவிட்டு வேனின் பின்கதவைச் சாத்தினேன். அவள் எஸ்தெலுக்கு ஒரு முத்தம், எனக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்று சொல்லி, கைத்தடியை ஊன்றி உள்ளே போனாள்.

எஸ்தெல் போகவில்லை. வேன் பக்கத்திலேயே நின்றாள்.

"ரெஜிஸ், பெட்டி."

"என்ன பெட்டி?"

"என் பெட்டி."

"நீதான் சொன்னியே. படகு… இன்னும் இறங்கலன்னு…"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. இல்லை.

"அந்த அம்மாவுக்காகச் சொன்னேன், ரெஜிஸ்."

நான் கதவைத் திறந்தேன். போர்வையை உருவினேன். பெட்டியை இறக்கி, சக்கரம் தரையில் படும்படி நிறுத்தி, கைப்பிடியை இழுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"அங்க குளிரும். கோட்டு எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துட்டேன்" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. இன்னும் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சம் நின்றாள். நான் நின்றேன்.

பிறகு கிட்டே வந்தாள். நான் உதட்டுக்குக் குனிந்தேன். அவள் கன்னத்தைக் கொடுத்தாள். பேக்கரிக்காரிக்குக் கொடுப்பதுபோல. இடம். வலம். என் முகம் தன்னால் மறுபடி இடப்பக்கம் திரும்பியது, ஐம்பது வருஷப் பழக்கம். அவள் அதற்குள் குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். அவள் தெரிந்து செய்யவில்லை. செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நிமிர்ந்து பார்த்தபோது என் கன்னம் நீட்டியபடி இருந்ததை அவள் கவனிக்கவும் இல்லை. "உடம்பைப் பாத்துக்கோ" என்றாள். போனாள்.

சக்கரம் கல்தரையில் கடகடவென்று போயிற்று. காற்று அவள் கழுத்துத் துணியைப் பின்னால் இழுத்தது. என் இடது கன்னம் ஜில்லென்று இருந்தது. நான் வேனை ஆளை இறக்கிவிடும் இடத்திலேயே மறித்து நிறுத்தியிருந்தேன். பின்னால் ஒரு டாக்சிக்காரன் பொறுமை இழந்து நீளமாக ஹார்ன் அடித்தான்.

கண்ணாடிக் கதவுக்குள் காலை வைத்தவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் சிரிப்பது தெரிந்தது. காலையில் பாலத்தில் நான் ஹார்ன் அடிக்கும்வரை காத்திருந்தாளே, அந்த முகம். ஹார்ன் அடித்தது நான் என்று நினைத்துக் கையைத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். என் பின்னால் டாக்சிக்காரன் மறுபடியும் அடித்தான்.