செவ்வாய்க்கிழமைக் குழாய்

இந்தக் காலத்தில் எவனும் பொருளைப் பார்ப்பதில்லை. பொருளைப் பற்றித் திரை என்ன சொல்கிறது என்றுதான் பார்க்கிறான். எங்கள் பொறியாளன் காலினும் அப்படித்தான். நல்ல பையன்தான்.

"மெர்வ், குழாய் வறண்டுபோச்சு. சூடான முனையில வெப்பம் ஏறிக்கிட்டே போகுது. ஒண்ணு வெர்னா அமோனியா கொறைச்சு ஊத்தியிருக்கணும், இல்ல உன் வெல்டு கசியணும்" என்றான் திரையைப் பார்த்தபடியே.

வெர்னா என் மனைவி. விண்கலத்தின் சூட்டை வெளியே கடத்தும் அலுமினியக் குழாய்களில் அவள் அமோனியாவை எடைபோட்டு நிரப்புவாள். நான் முனையை வெல்டு வைத்து அடைப்பேன். அமோனியா சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, உள்சுவரின் வரிப்பள்ளங்கள் வழியே திரும்பி வரவேண்டும். இந்தக் குழாய் சோதனையில் தேறாவிட்டால் அவள் ஒரு மாதமாக நிரப்பிய பன்னிரண்டையும் அறுத்துப் போடுவார்கள். சோதனை அட்டையில் அவள் பெயர்தான் இருக்கும்.

வெர்னா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

திரையை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தேன். ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய் அது. எங்கள் லாங்காஸ்டர் ஊரில் அன்று ஃபாஸ்ட்நாக்ட் என்ற பொரித்த இனிப்பைத் தின்னாதவன் கிடையாது. யாரோ ஆறு பெட்டிகளையும் காப்பிக் குடத்தையும் சோதனை மேசையின் கடைசியில், குழாயின் குளிர்ந்த முனைப் பக்கம், வைத்திருந்தார்கள். ரசமட்டத்தை வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு நாணயக் கனத்துக்குத் தாழ்ந்திருந்தது. அமோனியா அங்கேயே தேங்கிவிட்டது, சூடான முனைக்கு ஏற முடியவில்லை.

"எவன்டா இங்க கடை போட்டது?"

காலினுக்குக் காது சிவந்தது. "எங்கம்மா குடுத்து விட்டாங்க."

எல்லாவற்றையும் இறக்கினோம். மேசையை மட்டப்படுத்தி, சூட்டை அணைத்துக் குழாயை ஆறவிட்டு, மறுபடி சூடேற்றினோம். அரை மணியில் இரு முனையின் சூடும் ஒட்டிவந்தது.

"தேறிடுச்சு. மேல விண்வெளியில பதினஞ்சு வருஷம் உழைக்கும்" என்றான் காலின்.

"மேல போயி எவன் தொட்டுப் பாத்தான்?"

"கெழவா, நம்ம கல்யாணம் ஒரு வருஷம் தாங்காதுன்னும்தான் அன்னிக்கு நீ சொன்ன" என்றாள் வெர்னா.

"இன்னும் முடியலயே, பாப்போம்."

அவள் சிரித்துக்கொண்டே அட்டையில் கையெழுத்துப் போட்டாள். பதினைந்து வருஷமாம். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். வாகன நிறுத்தத்தில் பனி உருகி, சரிவு இருக்கும் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.